பாத்திமா என்று பெயரிட்டோரே!

பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் அளிக்கும் முதற் கொடை அதன் பெயரே ஆகும். உடுத்திய ஆடை கிழிந்துபோம். கட்டிய வீடு கைமாறிப்போம். பெயர் மட்டும் மண்ணறை வரை உடன்வரும். இதனாலன்றோ, குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி களைந்து, அகீகா கொடுத்து, நற்பெயர் சூட்டுமாறு அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள்! பொருந்தாத பெயர்களைக் கேட்டபோது அவற்றை மாற்றியும் வைத்தார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பள்ளிவாசல்களில், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பெண் குழந்தைக்குப் பெயர் கேட்டு ஆலிம்களை அணுகுவோர் பலர். முன்னாளில் ஆலிம் சொன்ன பெயரை மகிழ்வோடு ஏற்றுச் செல்வர். இந்நாளிலோ கைப்பேசியில் தேடியெடுத்த பத்துப் பெயர்களோடு வருகின்றனர். ஒலி புதிதாக இருத்தல் வேண்டும். பொருள் பெரிதாக இருத்தல் வேண்டும். அந்தத் தெருவில் வேறெவருக்கும் அப்பெயர் இருத்தல் கூடாது. இவையே அவர்கள் விதிக்கும் நிபந்தனைகள். "பாத்திமா என்று வைக்கலாமே" என்றால், "அது பழங்காலத்துப் பெயராயிற்றே, ஹஜ்ரத்! வகுப்புக்கு மூன்று பாத்திமா இருக்கிறார்களே!" என்று தயங்குகின்றனர்.

இத்தயக்கம் சரிதானா? பாத்திமா என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? அதன் பொருள் யாது? அதைச் சூட்டிய தந்தைக்குரிய பொறுப்பு யாது? இவற்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் பொருளை நோக்குவோம். அரபு மொழியில் 'ஃபத்ம்' என்றால் துண்டித்தல், பிரித்தல் என்பது பொருள். சிறப்பாக, குழந்தையைத் தாய்ப்பாலினின்றும் பிரித்தலை இச்சொல் குறிக்கும். நம் தாய்மார்கள் பால்குடி மறக்கடித்தல் என்கிறார்களே, அதுவே அரபியில் 'ஃபிதாம்'. இவ்வேரிலிருந்து பிறந்த 'பாத்திமா' என்னும் சொல், பால்குடி மறக்கச் செய்பவள் எனப் பொருள்படும். பால்குடி மறக்கடிக்கப்பட்டவள் என்று பொருள் கொண்ட மொழியறிஞர்களும் உளர்.

இதைக் கேட்டதும் சிலர் ஏமாற்றமடைகின்றனர். ஒளி, நிலவு, சுவனத்து மலர் என்றெல்லாம் எதிர்பார்த்தவர்களுக்குப் 'பால்குடி மறக்கச் செய்பவள்' என்பது மிக எளிய பொருளாகத் தோன்றுகிறது. அக்குறையை நிரப்பவே போலும், நபிமகளாரையும் அவரை நேசிப்போரையும் இறைவன் நரக நெருப்பினின்றும் பிரித்துவிட்டதால்தான் அவருக்கு இப்பெயர் வந்தது என்றொரு செய்தி மேடைகளில் கூறப்படுகிறது. ஆனால் ஹிஜ்ரி 597-இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் திரட்டிய தம் நூலில் இதனையும் சேர்த்திருக்கிறார்கள். நபிமகளாரின் சிறப்புக்கு ஆதாரமான நபிமொழிகள் ஏராளமாக இருக்க, நிலையற்ற செய்தியின் துணை நமக்கு எதற்கு?

மேலும், இப்பெயர் இஸ்லாத்துக்கு முன்பே அரபு நாட்டில் வழங்கிய பெயராகும். நபிகள் நாயகத்தின் தந்தை அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்த பாட்டியாரின் பெயர் பாத்திமா பின்த் அம்ரு. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களின் அன்னையார் பாத்திமா பின்த் அஸத் (ரலி). நபிமகளாருக்குப் பெயர் சூட்டப்பெற்ற காலமும் நபித்துவத்துக்கு முற்பட்டதே. குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டிய காலத்தில், நபித்துவத்துக்குச் சற்றேறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் பிறந்தார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கூற்று.

அக்காலத்து அரபு நாட்டை எண்ணிப் பாருங்கள். பெண் பிறந்தாள் என்ற செய்தி கேட்டதும் முகம் கறுத்து, மக்கள் கண்ணில் படாமல் ஒளிந்து, அவளை இழிவோடு வைத்திருப்பதா, மண்ணில் புதைப்பதா என்று திகைத்த தந்தையரைத் திருமறை (16:58, 59) படம்பிடித்துக் காட்டுகிறது. உயிரோடு புதைக்கப்பட்ட சிறுமி, எக்குற்றத்திற்காகத் தான் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் வினவப்படுவாள் என அது (81:8, 9) எச்சரிக்கிறது. அத்தகைய நாட்டில், 'இவள் பால்குடி மறக்கும் பருவம் வரை பிழைத்திருப்பாள். வளர்ந்து தன் பிள்ளைக்குப் பால்குடி மறக்கச் செய்யும் நாளையும் காண்பாள்' என்று ஒரு பெண்மகவுக்குப் பெயரிடுவது எத்துணைப் பெரிய நம்பிக்கை! அச்சொல்லுக்குள் ஒரு பெற்றோரின் வேண்டுதல் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நிலவும் மலரும் அதற்கு ஈடாகா.

பால்குடி மறக்கச் செய்வது எளிய செயலன்று. வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவிக்கொண்டு, குழந்தை அழும்போது தானும் உள்ளுக்குள் அழும் தாயைக் கேட்டால் தெரியும். குழந்தை தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அவள் அக்கசப்பைத் தாங்குகிறாள். இதனைத் திருமறை (2:233) எவ்வளவு நுட்பமாகப் பேசுகிறது! இரண்டாண்டு நிறைவதற்கு முன்பே பால்குடியை நிறுத்த விரும்பினால், தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்தல் வேண்டும் என்கிறது. ஒரு வாய்ப் பாலை நிறுத்துவதற்கே மனைவியின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டுமென்றால், மகளின் படிப்பை நிறுத்துவதற்கும், அவள் மணத்தைப் பேசி முடிப்பதற்கும் தந்தை ஒருவர் சொல் மட்டும் போதுமா? சிந்தியுங்கள்.

அடுத்து, வகுப்புக்கு மூன்று பாத்திமா என்ற குறையை எடுத்துக்கொள்வோம். நபிகளாரின் சொந்தக் குடும்பத்திலேயே இந்நிலை இருந்தது. தூமத்துல் ஜந்தலின் ஆட்சியாளரான உகைதிர் அன்பளிப்பாக அனுப்பிய பட்டாடையை நபியவர்கள் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களிடம் கொடுத்து, அதை முக்காடுகளாகக் கிழித்துப் 'பாத்திமாக்களுக்கு'ப் பங்கிடுமாறு பணித்தார்கள் என்று முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். நபிமகளார், அலியாரின் அன்னையார், ஹம்ஸா (ரலி) அவர்களின் புதல்வியார் என மூன்று பாத்திமாக்களை விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஒரு குடும்பத்தில் மூவர் ஒரே பெயரோடு வாழ்ந்தனர். எவர் சிறப்பும் அதனால் குறையவில்லை.

பொருள் பெரிதாக இருக்க வேண்டும் என்போர்க்கும் நபிவழியில் ஒரு பாடம் உண்டு. 'பர்ரா' என்று ஒரு சிறுமிக்குப் பெயர். நற்குணமும் பக்தியும் நிறைந்தவள் என்பது அதன் பொருள். அதைவிட நல்ல பொருள் வேறென்ன வேண்டும்? ஆயினும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வதாக அது அமைகிறது என்று கூறி, நபியவர்கள் அதை 'ஜைனப்' என மாற்றினார்கள். மனிதரில் நல்லவர் யார் என்பதை இறைவன் அறிவான். அதைப் பெயரிலேயே பறைசாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும் கருத்து.

ஆக, பாத்திமா என்னும் சொல்லால் நபிமகளார் உயரவில்லை. நபிமகளாரால்தான் அச்சொல் உயர்ந்தது. பெயர் எவரையும் காப்பாற்றுவதும் இல்லை என்பதற்கு மற்றொரு பாத்திமாவின் வரலாறே சான்று.

மக்கா வெற்றியின்போது மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருடிவிட்டாள். உயர்குலத்துப் பெண்ணாயிற்றே, தண்டனையை எவ்வாறு தவிர்ப்பது என்று குலத்தார் கலங்கி, நபிகளாரின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்க அனுப்பினர். அண்ணலாரின் முகம் சிவந்தது. எளியோரைத் தண்டித்து வலியோரை விட்டுவிட்டதே முந்தைய சமூகங்களின் அழிவுக்குக் காரணம் என்றார்கள். தம் மகள் பாத்திமாவே திருடியிருப்பினும் தண்டனை இதுவே என்று ஆணையிட்டுக் கூறினார்கள். அம்மக்ஸூம் குலப்பெண்ணின் பெயரும் பாத்திமாதான் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர்! ஒரே பெயர்; ஒருத்தி திருடியவள்; மற்றவர் சுவனப் பெண்களின் தலைவியார். சட்டத்தின்முன் இருவருக்கும் ஒரே அளவுகோல்.

இவ்வரலாற்றின் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. அப்பெண் பின்னர் உளமார மனந்திருந்தி மணமுடித்துக்கொண்டாள். தன் தேவைகளோடு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வருவாள். அவற்றை அன்னையார் நபியவர்களிடம் எடுத்துரைப்பார். தண்டிக்கப்பட்ட அந்தப் பாத்திமாவுக்கும் நபிகளாரின் இல்லக் கதவு மூடப்படவில்லை. தவறிய ஒரு பெண்ணின் பெயரை வாழ்நாளெல்லாம் இழித்துப் பேசும் நம் ஊர்த் திண்ணைகள் இதனைக் கேட்கட்டும்.

அக்காலத்துப் பாத்திமாக்கள் வேறு சிலரையும் பாருங்கள். உமர் (ரலி) அவர்களின் சகோதரி பாத்திமா, அண்ணனின் சினத்துக்கு அஞ்சாமல் தாம் ஓதிக்கொண்டிருந்த இறைவசனங்களில் உறுதியாக நின்றார். பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி), தமக்கு உதிரப்போக்கு நிற்காதபோது தொழுகையை விடலாமா என்று நாணாமல் நபியவர்களிடமே நேரில் வினவினார். அவ்வினாவால் இன்றளவும் பெண்ணுலகம் ஒரு சட்டத்தைப் பெற்றிருக்கிறது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி), தம்மை மணக்க விரும்பியவர்களைப் பற்றி நபியவர்களிடமே ஆலோசனை கேட்டார். கேள்வி கேட்பதும் கற்பதும் இப்பெயருக்கு அன்றே உரியவை. மொராக்கோ நாட்டின் ஃபாஸ் நகரில் ஹிஜ்ரி 245-இல் (கி.பி. 859) எழுந்த கரவிய்யீன் பள்ளிவாசலை, தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு கட்டியவர் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி என்று வரலாற்றாசிரியர் இப்னு அபீஸர்உ எழுதுகிறார். அப்பள்ளிவாசல் பின்னர் பெரும் கல்விக்கூடமாக விளங்கியது.

இனி, நபிமகளாரின் திருமணத்துக்கு வருவோம். நம் வட்டாரத்துத் தந்தையர் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது.

மணமகளுக்கு ஏதேனும் கொடுக்குமாறு நபியவர்கள் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களிடம் கூறினார்கள். தம்மிடம் ஒன்றுமில்லை என்றார் அலியார். அவருடைய போர்க் கவசம் எங்கே என்று நபியவர்கள் வினவினார்கள். அந்தக் கவசமே மஹராயிற்று. மணமகன் தன் உடைமையைக் கொடுத்துப் பெண்ணை மணந்த திருமணம் அது. பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு திருமறையும் (4:4) ஆணையிடுகிறது.

நம் வட்டாரத்தில் நடப்பது என்ன? 1964-ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. 1965-இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அந்நாள் முதல் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. பாத்திமா பீவி, பாத்துமுத்து, செய்யதலி பாத்திமா என்று ஊர்மணம் கமழும் பெயர்களை உடன் கொண்டுவந்தன. கோல்கொண்டா சுல்தான்களின் காலத்திலேயே பள்ளிவாசல் எழுந்த பூவிருந்தவல்லியில் பழங்குடும்பங்களின் பாத்திமா பீக்களும் பாத்திமா பேகங்களும் முன்பே இருந்தனர். பெயருக்குப் பஞ்சமில்லை. ஆயின், அப்பாத்திமாக்களின் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் நூற்றொரு ரூபாய் என்று எழுதப்படும். பதிவேட்டில் ஏறாத கைக்கூலியோ இலட்சங்களில் பேசப்படும். லேத்து இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்று சேர்த்த வைப்புநிதி, ஒரே நாளில் மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஊசி குத்திய விரலோடு மகளும் தன் கைக்கூலிக்குத் தானே உழைப்பாள். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் ஏட்டில் இருக்கிறது. இறைமறையும் உறையில் இருக்கிறது.

நபியவர்களும் தம் மகளுக்குச் சீர் கொடுத்தார்களே என்று வாதிடுவோர் உண்டு. என்ன கொடுத்தார்கள்? ஒரு போர்வை, ஒரு தோல் தண்ணீர்ப்பை, புல் அடைத்த ஒரு தோல் தலையணை. இவற்றை மணமகன் கேட்டுப் பெறவில்லை. கேட்டு வாங்கும் கைக்கூலிக்கு இதனை ஆதாரம் காட்டுதல் நேர்மையாகாது.

பெயரின் பொருளை வைத்தே ஒன்று சொல்கிறேன். வளர்ந்து, சம்பாதித்து, மணமேடைக்கு வந்த பின்னும் பெண்வீட்டாரின் பணத்தில் வாழ்வைத் தொடங்க எண்ணுபவன், இன்னும் பால்குடி மறக்காதவன். அவனுக்குப் பாத்திமாவை மணக்கும் தகுதி எவ்வாறு வந்தது?

அந்த எளிய இல்லத்தில் நபிமகளார் திரிகை அரைத்துக் கை நொந்தார். பணியாள் ஒருவரைக் கேட்கத் தந்தையிடம் சென்றார். தந்தையார் வீட்டில் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லித் திரும்பினார். இரவில் நபியவர்களே மகளின் இல்லம் தேடி வந்து, உறங்கப் போகுமுன் சுப்ஹானல்லாஹ் 33 முறை, அல்ஹம்துலில்லாஹ் 33 முறை, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதுமாறு கற்பித்து, பணியாளைவிட இது மேலானது என்றார்கள். அந்தத் தஸ்பீஹை நாம் ஓதுகிறோம். அதனோடு மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். மகள் கேட்டதைக் கொடுக்க இயலாத தந்தை அவளை அலட்சியம் செய்யவில்லை. இரவென்றும் பாராமல் அவள் வாசலுக்கு வந்தார்கள்.

அது மட்டுமா? மகள் உள்ளே வந்தால் எழுந்து நின்று, கைப்பற்றி, முத்தமிட்டுத் தம் இருக்கையில் அமர்த்துவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அரபு நாடே அடிபணிந்த தலைவர், மகளுக்காக எழுந்து நின்றார்கள்! தேர்வில் வென்ற மகள் வீட்டுக்கு வரும்போது, தொலைக்காட்சியை விட்டுத் தலைதூக்கிப் பார்க்காத தந்தையர் நம்முள் எத்தனை பேர்!

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1927-ஆம் ஆண்டு கேரளத்தின் பத்தனம்திட்டையில் மீரா சாகிபு என்பவருக்கும் கதீஜா பீவிக்கும் ஒரு மகள் பிறந்தார். கதீஜாவின் மகள் பாத்திமா என்று நபிகளாரின் இல்லத்தை நினைவூட்டும் வகையில் பெயர் அமைந்தது. அத்தோடு அத்தந்தை நின்றுவிடவில்லை. முஸ்லிம் பெண்கள் பள்ளிக்கூடம் செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில் மகளைச் சட்டம் படிக்கச் செய்தார். 1950-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அப்பெண், 1983-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகப் பணியாற்றினார். 2023 நவம்பரில் மறைந்த நீதியரசர் பாத்திமா பீவியே அவர். திருடியவள் எவளாயினும் சட்டம் ஒன்றே என்று நபிகளார் எந்தப் பெயரைச் சொல்லி முழங்கினார்களோ, அந்தப் பெயருக்குரியவர் நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் நீதி வழங்க அமர்ந்தார். புதுமையான பெயர் தேடி அவருடைய தந்தை அலையவில்லை. பழைய பெயருக்குப் புதிய பெருமையைச் சேர்த்தார்.

இப்பெயர் சென்ற இடமெல்லாம் அந்தந்த மண்ணின் ஓசையை ஏற்றுக்கொண்டது. துருக்கியில் அது ஃபத்மா; மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபத்துமாத்தா; மலாய் நாட்டில் சித்தி பாத்திமா; கேரளத்தில் பாத்தும்மா. ஓசை மாறுதல் குற்றமன்று. ஆயினும் நடைமுறையில் ஒன்றைப் பெற்றோருக்கு வலியுறுத்துவேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், ஆதாரில் மற்றொரு விதமாகவும் பெயரை எழுதிவிட்டுப் பின்னர்க் கல்லூரியிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் அப்பெண்ணை அலைய விடாதீர்கள். பெயரின்றிப் பதிவான பிறப்புக்கு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பின்னர் 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை முதலிலேயே முடிவு செய்து, எல்லா இடத்திலும் ஒன்றுபோல் எழுதுங்கள்.

வேறு பெயர் சூட்டுவதில் தடையேதும் இல்லை. ஆனால் அரபு எழுத்தைக் காட்டி ஆலிமிடம் பொருள் கேட்ட பின்னரே சூட்டுங்கள். ஃபிர்அவ்னின் மனைவியாராகிய இறைநேசச் செல்வியின் பெயரும், மாறு செய்பவள் என்று பொருள்படுவதால் நபியவர்கள் மாற்றி 'ஜமீலா' என்று வைத்த பெயரும் தமிழ் எழுத்தில் ஆஸியா என்று ஒன்றாகவே தோன்றும். அரபு எழுத்தில் அவை வெவ்வேறு சொற்கள். கைப்பேசித் திரை இவ்வேறுபாட்டை எப்போதும் சொல்லித் தராது.

பாத்திமா என்று பெயரிட்டோரே! உங்கள் மகளைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவள் வரும்போது நான் முகமலர்ந்து வரவேற்கிறேனா? அவள் கேள்விக்குச் செவி சாய்க்கிறேனா? அவளுக்குரிய மஹரைக் கேட்டுப் பெற்றுத் தருவேனா, அல்லது அவளுக்கு விலை பேசுவோரிடம் பணிந்து நிற்பேனா? மகனுக்குப் பெண் பார்க்கும் நாளில், பிறர் வீட்டுப் பாத்திமாவின் தந்தையிடம் நான் கைநீட்டாதிருப்பேனா? இவ்வினாக்களுக்கு நேரிய விடை தருபவர் வீட்டில் பாத்திமா என்பது என்றும் பழைய பெயராகாது.

நம் பெண்மக்களை நேசித்து வளர்க்கவும், அவர்களுக்குரிய உரிமையைக் குறைவின்றி வழங்கவும், அவர்கள் தாங்கிய நற்பெயர்களுக்குத் தக்கவாறு நாம் நடந்துகொள்ளவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.